மருந்து தரும் மலையும் நோயுறும் உடலும்: கல்வராயன் மலையை முன்வைத்து மூட்டு நோய் குறித்த தமிழ் மருத்துவ வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மூட்டு நோய் குறித்த தமிழ் மருத்துவ அறிவு சுவடி நூல்கள், குடியேற்றக்கால அரசு ஆவணங்கள், தற்காலத் தாவரவியல் ஆய்வுகள், சித்த மருத்துவக் கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் வழியே நம்மை வந்தடைந்துள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையை மையமாகக் கொண்டு இவற்றை ஒருசேர வாசிக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. மலைமக்கள் வரி செலுத்துவோராகவும், வனப்பொருள் சேகரிப்போராகவும், மூலிகைத் தகவல் தருவோராகவும் பதிவாகியுள்ளனர். மூட்டு நோவுக்கு ஆளாகும் நோயாளராகப் பதிவாவது அரிது. நோய்க்காரணம் பற்றிய சுவடிச் செய்திகளில் உழைப்பின் தடயங்கள் உள்ளன என்பதையும், பிற்கால வாசிப்பு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தடயங்களைக் கைவிட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாத நோய், கீல்வாயு, முடக்கு, கல்வராயன் மலை, மலையாளி பழங்குடியினர், சித்த மருத்துவ வரலாறு, உழைப்பு.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு தொடர்புடைய மலைத்தொகுதியாகும். இதன் கிழக்குப் பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும், மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தன. தென்னார்க்காடு 1993இல் பிரிக்கப்பட்டபோது கிழக்குப் பகுதி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுள் வந்தது. இம்மலையின் பெரும்பான்மைக் குடிகள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளி பழங்குடியினர். இங்கு ‘மலையாளி’ என்பது மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. கேரள மக்களைக் குறிப்பதன்று.

மூலிகை வளத்திற்காக இம்மலை பலமுறை ஆராயப்பட்டுள்ளது. அம்மூலிகைகளுள் கணிசமானவை வாத நோய்க்கும் மூட்டு வலிக்கும் உரியனவாகக் குறிக்கப்படுகின்றன. எனினும் இம்மலையில் யாருடைய மூட்டு நோகிறது, எவ்வேலையால் நோகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டதில்லை. மருந்தின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு நோயுற்ற உடலின் வரலாறு எழுதப்படாமை ஏன் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா. எழுத்துச் சான்றுகளை மறுவாசிப்புச் செய்வதன்வழி இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முனைகிறது.

1. சொல்லும் நோயும்

தமிழில் மூட்டு நோயைக் குறிக்கும் சொற்கள் ஒருபடித்தானவை அல்ல. ‘மூட்டு’ என்பது இரண்டு பொருந்தும் இடம். ‘கீல்’ என்பது கதவின் கீலைப் போல அசைவுக்கு இடந்தரும் பொருத்து. ‘சந்து’ என்பது இரு பொருள்களின் இடைப்பட்ட இணைப்பு. மூட்டுவாதம், கீல்வாயு, சந்துவாதம் என்னும் வழக்குகள் இச்சொற்களின் அடியாகப் பிறந்தவை. இவை நோய் உறையும் இடத்தைச் சுட்டுகின்றன.

‘முடக்கு’ என்னும் சொல் வேறு தன்மையது. அது நோயின் விளைவைச் சுட்டுகிறது. மடங்கிய கால் நீளாமையும், நீட்டிய கை மடங்காமையும், அதனால் ஒருவர் தொழிலிலிருந்து விலக நேர்வதும் இச்சொல்லில் அடங்கும். ‘முடம்’, ‘முடங்குதல்’ என்னும் சொற்களோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. உடல் வேலைக்கு உதவாமற் போதலே இங்கு நோயின் அடையாளம். ஆகவே ‘முடக்குவாதம்’ உழைக்கும் மக்களின் பார்வையிலிருந்து பிறந்த பெயர் எனக் கருத இடமுண்டு.

ஒப்புநோக்கத்தக்க வேறொரு சான்று ஆப்பிரிக்காவில் உள்ளது. 1952இல் இன்றைய தான்சானியாவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் பரவிய காய்ச்சலுக்கு அம்மக்களின் மொழியிலேயே ‘சிக்குன்குனியா’ என்னும் பெயர் அமைந்தது. மூட்டு வலியால் உடல் வளைந்துபோவதை அப்பெயர் உணர்த்துகிறது. அந்நோய் 1964இல் சென்னையிலும், பின்னர் 2006இல் தமிழகத்தின் பல பகுதிகளிலும் பரவியது. தொலைவிலுள்ள இரு உழவர் சமூகங்கள் உடல் மடங்குவதையே நோயின் பெயராக்கியுள்ளமை கருதத்தக்கது.

‘முடக்கற்றான்’ என்னும் கொடியின் பெயரும் இவ்வழியில் அமைந்தது. முடக்கறுத்தான், முடக்கொத்தான், முடக்கத்தான் எனப் பலவாறு வழங்கும் இப்பெயர், முடக்கை அறுப்பது என்னும் பயன்பொருளில் விளக்கப்படுகிறது. புறத்திணைகளுள் ஒன்றாகிய உழிஞைக்குப் பெயர் தந்த கொடியை இதனோடு இணைத்துக் காணும் வழக்கும் அகராதிகளில் உண்டு. கோட்டையை முற்றுகையிடும் வீரன் சூடிய கொடியும், முழங்கால் நொந்தவர் வீட்டுத் தோசை மாவில் அரைபடும் கீரையும் ஒன்றே என்னும் இவ்விணைப்பு, ஒரு தாவரத்தின் மதிப்பு காலந்தோறும் மாறிய விதத்தைக் காட்டுகிறது.

2. சுவடி நூல்களில் நோய்க்காரணம்

சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் நிலைமாற்றத்தை நோய்க்கு அடிப்படையாகக் கொள்கிறது. மூன்றின் மிகுதியும் குறைவும் நோய் விளைக்கும் என்னும் கருத்து திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலும் இடம்பெற்றுள்ளது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் ‘வைத்திய சிந்தாமணி’ வாத நோய்களை 80 என வகுக்கிறது. சரக சங்கிதையும் வாத நோய்களை 80 என்றே எண்ணுகிறது. ஆகவே இவ்வெண் தமிழ்நூலுக்கு மட்டும் உரியதன்று. இரு மரபுகளுக்குமிடையே நிகழ்ந்த நெடுங்காலக் கொடுக்கல் வாங்கலின் அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும்.

இந்நூல்களின் காலத்தைக் கணிக்க மருந்துப் பெயர்களும் உதவுகின்றன. வாத நோய்க்கும் மேக நோய்க்கும் சித்த மருத்துவம் பயன்படுத்தும் ‘பறங்கிப்பட்டை’ தன் பெயரிலேயே பறங்கியரைக் கொண்டுள்ளது. சீனக் கிழங்கு எனப்பட்ட இச்சரக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வணிகத்தால் இந்தியாவில் பரவலாயிற்று. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூல் இதனைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆதலின் பறங்கிப்பட்டை இடம்பெறும் செய்யுட்கள் இன்றுள்ள வடிவில் அதற்கு முற்பட்டவையாக இருத்தல் அரிது. சித்தர் பெயரால் வழங்கும் நூல்கள் ஒரே காலத்தில் உறைந்துபோனவை அல்ல. புதிய நோயும் புதிய சரக்கும் வந்தபோதெல்லாம் அவை வளர்ந்தன.

நோய்க்காரணம் கூறும் பகுதிகள் தனிக் கவனத்திற்குரியவை. யூகி நூல் பொன் திருடுதல், பெரியோரைப் பழித்தல் முதலிய அறப்பிழைகளை வாத நோய்க்குக் காரணமாக்குகிறது. சித்த மருத்துவச் செய்யுட்கள் நெடுந்தொலைவு நடத்தல், குளிர்ந்த காற்றிலும் பனியிலும் படுதல், காய், கனி, கிழங்குகளை மிகுதியாக உண்ணுதல் ஆகியவற்றையும் காரணமாகக் கூறுகின்றன. யாழ்ப்பாணத்து மருத்துவத் தொகை நூலாகிய ‘பரராசசேகரம்’ பழைய சோறு, வரகு, தினை ஆகிய உணவுகளையும், இரவு உறங்காமையையும் காரணப் பட்டியலில் சேர்க்கிறது.

இப்பட்டியலை மலைவாழ்வோடு பொருத்திப் பார்த்தல் தகும். நெடுநடை, பனி, இரவுக் காவல், கிழங்கு, தினை ஆகியவை மலையில் விளைவித்துக் காவல் காத்து உண்ணும் குடிகளின் அன்றாட வாழ்வைச் சேர்ந்தவை. சிறுதானியத்தால் மூட்டு நோய் வரும் என்பது இன்றைய அறிவியல் முடிவு அன்று. இங்கு அது நமது கருத்தும் அன்று. நூலோர் யாரை நோயுறக் கண்டனர் என்பதற்கு இவ்வரிசை ஒரு மறைமுகச் சான்றாகிறது. வறியோரின் உணவும் உழைப்பாளியின் நடையும் நோய்க்காரணமாகத் தோன்றும் அளவுக்கு, அவர்களிடையே அந்நோய் மிகுந்திருத்தல் கூடும். ஆயினும் நூலோர் அதனை உழைப்பின் சுமையாகக் கூறாது, உண்போரின் ஒழுக்கமாகவும் நடப்போரின் பிழையாகவும் அமைத்தனர்.

3. காக்கும் விதி யாருக்குரியது?

நோய் வந்தபின் தரும் மருந்தோடு, நோய் அணுகாமற் காக்கும் விதிகளையும் தமிழ் மருத்துவம் வகுத்துள்ளது. தேரையர் பெயரில் வழங்கும் பிணி அணுகா விதிச் செய்யுட்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. எண்ணெய் முழுக்கின்போது வெந்நீரில் குளித்தல், பகல் உறக்கம் தவிர்த்தல், இயற்கை வேகங்களை அடக்காமை, நான்கு மாதத்திற்கு ஒருமுறை கழிச்சல் மருந்தும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வாந்தி மருந்தும் கொள்ளுதல் ஆகியன அவற்றின் சாரம். புற மருந்துகளாக எண்ணப்படும் 32 முறைகளுள் கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் ஆகியவை மூட்டு நோவுக்கு இன்றும் கையாளப்படுகின்றன.

இவ்விதிகளின் மருத்துவப் பயனை ஆராய்தல் வேறு. அவை எத்தகைய வாழ்க்கையை முன்னிறுத்துகின்றன என ஆராய்தல் வேறு. முழுக்கிற்குப் போதிய எண்ணெய், வெந்நீருக்கு விறகும் நீரும், கழிச்சல் மருந்து உண்ட நாளில் ஓய்வு, தொக்கணம் செய்ய மற்றொருவரின் கை ஆகியவை இருந்தாலன்றி இவற்றைப் பின்பற்ற இயலாது. தன் நேரத்தைத் தானே ஆளும் ஒருவரை நோக்கியே இவ்விதிகள் பேசுகின்றன. பிறர் நிலத்தில் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்ட ஒருவருக்குக் கழிச்சல் நாளின் ஓய்வு கிட்டுமா என்னும் வினா இந்நூல்களின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அந்த எல்லைக்கு வெளியேதான் கல்வராயன் மலைக்குடிகள் வாழ்ந்தனர்.

4. அரசு ஆவணங்களில் மலையும் குடிகளும்

குடியேற்ற ஆட்சியின் மாவட்ட நூல்கள் இம்மலையைப் பற்றிப் பதிவு செய்துள்ளன. கார்ஸ்டினின் தென்னார்க்காடு மாவட்டக் கையேடு 1878இலும், லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், பிரான்சிசின் தென்னார்க்காடு விவரச் சுவடி 1906இலும், ரிச்சர்ட்சின் சேலம் விவரச் சுவடி 1918இலும் வெளிவந்தன. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலும் மலையாளி மக்களைப் பற்றிப் பேசுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தோர் மூவர் வெவ்வேறு மலைகளுக்குப் பெயர்ந்த கதை, திருமண முறை, நில வகை, வரி ஆகியவை இத்தகைய நூல்கள் நாடிய செய்திகள்.

கல்வராயன் மலை நெடுங்காலம் நேரடி அரசு ஆட்சியில் இல்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தாரர் மரபினர் அதனை ஆண்டனர். நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976இல் ஜாகிர் முறை முடிவுக்கு வந்து மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

மலை வேளாண்மையின் இயல்பும் இங்கு நினைக்கத்தக்கது. ஏர் ஓடும் சமநிலம் உழவுக்காடு எனவும், ஏர் ஏறாத சரிவு கொத்துக்காடு எனவும் வழங்கின. கொத்துக்காட்டில் மண்ணைக் கிளறுவது முழுவதும் மனித உடலின் வேலை. குனிந்த முதுகும் மடங்கிய முழங்காலும் அதன் கருவிகள். விளைந்த சாமையும் தினையும் தலைச்சுமையாகவே இறங்கின. உப்பும் துணியும் தலைச்சுமையாகவே ஏறின. நிலத்தைச் சரிவால் வகைப்படுத்தி வரி விதித்த ஆட்சி, அச்சரிவு மனித உடலில் விளைத்ததைக் கணக்கில் கொள்ளவில்லை. காய்ச்சலும் கொள்ளை நோயும் உயிரைக் கொல்வன. ஆதலால் அவை ஆட்சியின் கவலைக்கு உள்ளாயின. மூட்டு நோய் உயிரைக் கொல்லாது வாழ்வை முடக்குவது. ஆதலால் அது இறப்புக் கணக்கிலும் ஏறவில்லை, ஆவணத்திலும் ஏறவில்லை.

5. மருந்து இறங்கும் வழி

மலையிலிருந்து மருந்து இறங்கிய வழி, நோயைவிட நன்கு பதிவானது. கடுக்காய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ் மருத்துவத்தில் உயர்ந்த இடம் பெற்ற இக்காய், சென்னை மாகாணத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் பெருமளவில் ஏற்றுமதியானது. மரத்தடியில் குனிந்து பொறுக்கி, மூட்டையாகக் கட்டி, அடிவாரத்திற்குச் சுமந்து வந்தவரின் உழைப்பு, வனவருவாய்க் கணக்கில் காயின் எடையாக மட்டுமே எஞ்சுகிறது.

செங்காந்தளின் வரலாறு இன்னும் கூர்மையானது. குறிஞ்சி நிலத்தின் மலராகச் சங்கப் பாடல்களில் விளங்கிய இது, இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு எனவும் இது வழங்கும். இதன் கிழங்கிலும் விதையிலும் ‘கொல்கிசின்’ என்னும் வேதிப்பொருள் உள்ளது. 1820இல் பிரெஞ்சு வேதியியலர் பெல்லெத்தியேயும் கவந்துவும் ஐரோப்பியத் தாவரமொன்றிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், யூரிக் அமிலப் படிகங்களால் உண்டாகும் கடும் மூட்டு வீக்கத்திற்கு இன்றும் மருந்தாகிறது. மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடையே இதில் மிகக் குறுகிய இடைவெளியே உண்டு. சிறு மிகையும் உயிருக்கு இறுதியாகும். மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் பயிரிடப்படும் இதன் விதை, மருந்து உற்பத்திக்காக வெளிநாடுகளுக்குச் செல்கிறது. நிலத்திலிருந்து விதையாகச் செல்வது மாத்திரையாகத் திரும்புகிறது. திரும்பும்போது அது விதை பொறுக்கியவரின் முழங்காலைத் தேடி வருவதில்லை.

தற்காலத் தாவரவியல் ஆய்வுகளும் இப்போக்கிலிருந்து முற்றிலும் விலகவில்லை. இந்திய மரபறிவு ஆய்விதழில் 2009இல் வெளிவந்த, கல்வராயன், சேர்வராயன் மலைகளின் மரவகைத் தாவரங்கள் பற்றிய கட்டுரை போன்ற ஆக்கங்கள் பெருமதிப்புடையவை. அவையின்றி இம்மலையின் மருத்துவ அறிவு பெரிதும் மறைந்திருக்கும். ஆயினும் இத்தகைய ஆய்வுகளின் பொதுவடிவம் தாவரப் பெயர், வட்டாரப் பெயர், பயன்படும் உறுப்பு, தீர்க்கும் நோய் என்னும் அட்டவணை. ‘வாதம்’, ‘மூட்டு வலி’ என்பன அதில் தாவரத்தின் பண்பாக நிற்கின்றன. நொச்சியை வேகவைத்து ஆவி பிடித்தவர் யார், எத்தனை ஆண்டு சுமை தூக்கியவர், அவருக்கு வலி தணிந்ததா என்பவற்றுக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

6. நிறுவனமயமும் சொல் இணையாக்கமும்

இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மருத்துவம் நிறுவன வடிவம் பெற்றது. சென்னை மாகாண அரசு 1921இல் அமைத்த உஸ்மான் குழு 1923இல் தன் அறிக்கையை அளித்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தொடங்கப்பட்டன.

பட்டப்படிப்பும் ஆய்வேடும் வந்தபோது சொல் இணையாக்கம் தேவைப்பட்டது. முக்குற்றங்களின் தனிநிலையையும் கலப்பையும் கொண்டு கீல்வாயு பத்து வகையாக எண்ணப்பட்டது. அவற்றுள் ‘அழல் கீல்வாயு’ மூட்டுத் தேய்மானத்திற்கும், ‘உதிர வாத சுரோணிதம்’ தன்னெதிர்ப்பால் எழும் மூட்டழற்சிக்கும், ‘கும்ப வாதம்’ தோள்மூட்டு இறுக்கத்திற்கும், ‘செகன வாதம்’ கழுத்தெலும்புத் தேய்மானத்திற்கும் இணையாக ஆய்வேடுகளில் வழங்கலாயின. 2024 சனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சித்த மருத்துவச் சொற்களையும் உள்ளடக்கிய பிரிவை வெளியிட்டது இப்போக்கின் உச்சம்.

இவ்விணையாக்கம் உரையாடலுக்கு வழி திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இருவகை இழப்புகளையும் உண்டாக்கியது. முதலாவது, சுவடியின் சொல் உடலின் குறிகளையும் வாழ்முறையையும் சேர்த்துக் காட்டியது. இணையான சொல் நோயின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. நெடுநடையும் பனியும் முன்னுரைச் செய்யுளாகச் சுருங்க, மருந்தும் அளவும் ஆய்வுப்பொருளாயின. இரண்டாவது, நூலில் நுட்பமாகப் பிரிந்த வகைகள் மக்கள் வழக்கில் ‘மூட்டு வலி’ என ஒன்றாகவே நின்றன. தேய்மானமும் தன்னெதிர்ப்பு அழற்சியும் வேறு வேறானவை. பின்னதற்குத் தொடக்கத்திலேயே தக்க சிகிச்சை அளிக்காவிடில் மூட்டு மீளாச் சிதைவுறும். வகை தெரியாது எல்லாவற்றிற்கும் ஒரே தைலம் தடவிக் காத்திருக்கும் காலம், நோயாளர் இழக்கும் காலமாகும்.

7. உழைப்பின் பக்கம் திரும்புதல்

மூட்டுத் தேய்மானத்திற்கு முதுமையும் உடற்பருமனும் மட்டுமே காரணங்கள் அல்ல. முழந்தாளிடல், குந்துதல், பளு தூக்கல் ஆகியவை நெடுங்காலம் தொடரும் தொழில்களில் முழங்கால் தேய்மானம் மிகுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. இறக்கத்தில் நடக்கும்போது முழங்கால் தாங்கும் அழுத்தம் சமநிலத்தினும் கூடுகிறது. நகர்ப்புறத்தாருக்கு நடைப்பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. சுமையோடு ஏறி இறங்கும் மலைக்குடிக்கு அதே அறிவுரை பொருந்தாது. அவர்களின் மூட்டைக் காப்பது சுமையைக் குறைப்பதும், சாலையும் வண்டியும் நீர்க்குழாயும் வீட்டருகே வருவதுமாகும்.

உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டு வாத நோய்க் கழகங்களின் கூட்டமைப்பும் 1981இல் ஊர்மக்களிடையே மூட்டு, தசை நோய்களைக் கணக்கிடும் திட்டமொன்றைத் தொடங்கின. இந்தியாவில் அது 1996இல் மகாராட்டிரத்தின் பிக்வான் சிற்றூரில் மேற்கொள்ளப்பட்டது. மக்கள் தாமே கூறிய நோவுகளுள் மூட்டு, தசை வலியே முதலிடம் பெற்றமை அங்குத் தெரியவந்தது. மருத்துவமனைப் பதிவேட்டை நம்பாது வீடு வீடாகச் சென்று கேட்டதே இதனை வெளிக்கொணர்ந்தது.

அத்தகைய கணக்கெடுப்பைக் கல்வராயன் மலையில் நடத்த இன்று வாய்ப்புகள் உள்ளன. 2021 ஆகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மலையடிவாரத்திற்கு அண்மையில் ஓர் ஆய்வு மையமாக வளரக்கூடும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் விளக்கம் கேட்டது. சாலையைப் போக்குவரத்துச் சிக்கலாக மட்டும் காணாது மூட்டு நலத்தின் கூறாகவும் காணும் பார்வையை மருத்துவ வரலாறு அளிக்க இயலும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

‘முடக்கு’ என்னும் தமிழ்ச்சொல் நோயை உழைப்பின் இழப்பாகக் காணும் பார்வையைத் தன்னுள் கொண்டுள்ளது. வாத நோய்க்குச் சுவடி நூல்கள் கூறும் காரணங்களுள் நெடுநடை, பனி, எளிய உணவு ஆகிய உழைப்பாளர் வாழ்வின் தடயங்கள் உள்ளன. ஆனால் அவை ஒழுக்கக் குறையாக எழுதப்பட்டன. காக்கும் விதிகள் ஓய்வும் பொருளும் உடையாரை முன்னிறுத்தின. குடியேற்றக்கால ஆவணங்கள் மலையின் சரிவை வரிக்காக அளந்தன. பிற்காலத் தாவர ஆய்வும் நிறுவனச் சொல்லாக்கமும் மருந்தையும் நோய்ப்பெயரையும் பேணி, நோயுற்றவரைப் பின்னுக்குத் தள்ளின.

இனிவரும் மூலிகை ஆய்வுகள், தகவல் தருவோரிடம் தாவரத்தின் பெயரோடு அவர்தம் தொழில், சுமந்த ஆண்டுகள், நோவும் இடம், மருத்துவரைக் காண நடந்த தொலைவு ஆகியவற்றையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். சுவடிப் பதிப்பாளர்கள் நோய்க்காரணச் செய்யுட்களைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகவும் உரைக்குறிப்புகளில் விளக்குதல் வேண்டும். அவ்விரு பணிகளும் இணையும்போது கல்வராயன் மலையின் மருத்துவ வரலாறு, செடிகளின் வரலாறாக மட்டும் நில்லாது, அச்செடிகளைச் சுமந்து இறங்கியோரின் வரலாறாகவும் அமையும்.